ஒரு படிதானே

கனகபுரம், கிளிநொச்சி
07.01.2024

என் அன்புத் தங்கச்சி துசானிக்கு,

அண்ணா எழுதுகிறேன். நானும் உன் அண்ணி கிருசாந்தினியும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் இழுத்தடித்தேன். இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஆஸ்பத்திரியில் இருந்து உன்னை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்று உன் மனுசன் பிரணவன் போனில் சொன்னார். "அவளோடை ஒருக்காக் கதைக்கலாமோ?" என்று கேட்டேன். "அவள் நித்திரை அண்ணை" என்றார். அடுத்த நாளும் நித்திரை. அதற்கடுத்த கிழமையும் நித்திரை. நீ இவ்வளவு நித்திரை கொள்கிற பிள்ளை இல்லை. உனக்குக் கதைக்க விருப்பமில்லை என்று விளங்கியது. அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு முகம் காட்டத் தேவையில்லை, உடனே பதில் சொல்லவும் தேவையில்லை.

உன் முதலாளி அம்மா சிஞ்ஞோரா வீட்டு யன்னலைத் துடைக்க ஏணியில் ஏறி விழுந்தாய் என்றும், முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றும் சொன்னார். எந்த எலும்பு என்று கேட்டேன். எனக்கு யுத்தத்தில் செல் துண்டு பட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சில்லுக் கதிரையில். அம்மா இதைப் பார்க்காமல் போனது நல்லது.

எனக்கு ஆறுதல் எழுதத் தெரியாது. யுத்தம் முடிந்த வருசம் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எப்போது எழும்பிப் போவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இருந்தபடியே இருக்காதே. கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கு. உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் உனக்குத் தெரியாது.

எழுது. இரண்டு வரி என்றாலும் போதும்.

உன் அண்ணன்
சோதிலிங்கம்


பலேர்மோ, இத்தாலி
11.02.2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பது நல்லது. நான் இருக்கிறேன்.

எழுதச் சொன்னீர்கள். எழுத ஒன்றும் இல்லை. எங்கள் வீடு பல்லறோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. பயிற்சிக்குப் போகும் நாட்களில் இவர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்குவார். கதிரையைக் கீழ்வீட்டு ஆள் தூக்குவார். மற்ற நாட்களில் இறங்குவதில்லை. யன்னலால் எதிர்வீட்டுச் சுவரும் அவர்கள் காயப்போடும் உடுப்புகளும் தெரியும்.

சிஞ்ஞோரா கேக் கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். அழுதால் சரியாகிவிடுமாம். வராததை நான் எங்கே போய் எடுப்பது?

நீங்கள் சொன்னபடி கைகளை ஊன்றி எழும்புகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி
துசானி


கனகபுரம், கிளிநொச்சி
09.03.2024

அன்புத் துசானிக்கு,

"நான் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அது போதும். நாங்களும் இருக்கிறோம். வெயில் தொடங்கிவிட்டது, வேறு குறையில்லை.

நேற்றுப் பின்னேரம் குளக்கட்டுக்குப் போனேன். வாசல் படலையில் இருந்து கோயிலடி மட்டும் நல்ல பாதை. அதற்குப் பிறகு கொஞ்சம் குன்றும் குழியும், ஆனால் என் கதிரைச் சில்லுக்கு அது பழக்கம். தாமரை நிறையப் பூத்திருந்தது. நாரைகள் வந்திருந்தன. கடைக்கார அருளம்பலம் அண்ணை பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டு இருட்ட முதல் திரும்பினேன். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இப்படிப் போவேன். இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். பதினொரு வருசமாக நீ அந்த ஊரில் இருக்கிறாய். அந்த ஊரைப் பற்றி ஒரு நாளாவது எங்களுக்குச் சொன்னதில்லை. சிஞ்ஞோரா, வேலை, பஸ், பெர்மெஸ்ஸோ விசா, இவ்வளவும்தான். அது பழைய ஊர் என்று கேள்வி. அரசர்கள் இருந்த ஊராம். எப்படி இருக்கும்? எனக்கு இனி அதைப் பார்க்க வசதி வராது. உனக்கு வாசலிலேயே இருக்கிறது. முதலில் மாடியில் இருந்து இறங்குகிற வழியைப் பார். கீழ்வீடு ஒன்று எடுக்கச் சொல்லிப் பிரணவனிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

என்றும் அன்புடன்
அண்ணா


பலேர்மோ
21.04.2024

அன்பு அண்ணாவுக்கு,

சுகமா? குளக்கட்டுக்குப் போய்வருவது கேட்டுச் சந்தோசம் என்று எழுதவேண்டும். சந்தோசமாக இருக்க முயற்சி செய்கிறேன்.

கீழ்வீட்டுக்கு வந்துவிட்டோம். மாதா கோயிலில் எல்லாருக்கும் உதவி செய்கிற ஏர்னஸ்ற் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார், மன்னார் ஆள். அவர்தான் பிடித்துத் தந்தார். ஒரு அறைதான். முந்தி யாரோ குதிரை கட்டிய இடமாம். வாசலில் படி இல்லை. கதவைத் திறந்தால் ஒழுங்கை.

முதல் கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பிறகு உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்து வெளியே போனேன்.

சந்தை வழியாகப் போனேன். எத்தனையோ தடவை அதே சந்தையில் மீன் வாங்கியிருக்கிறேன். இப்போது என் முகம் மீன் தட்டுகளின் உயரத்தில் இருக்கிறது. கணவாயின் கண்ணும் என் கண்ணும் நேர் நேராக இருந்தன. சனங்களின் முழங்கைகளும் பைகளும் முகத்தில் இடித்தன. இடித்தவர்கள் குனிந்து பார்த்து "பொவெரினா" என்றார்கள். பாவம், சின்னப்பிள்ளை என்ற மாதிரி.

பிறகு வியா மக்வேதா. அது பெரிய தெரு, பின்னேரங்களில் வாகனம் விடமாட்டார்கள். கல்லுப் பதித்த தெரு. நடக்கும்போது அது வழுக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. கதிரையில் போனால் பல்லு அடிபடும். ஒரு இடத்தில் முன் சில்லு இரண்டு கல்லுக்கு நடுவில் இறுகி நான் முன்னுக்கு விழப்போனேன். சாப்பாட்டுக் கடைப் பெடியன் ஒருவன் ஓடிவந்து, கேட்காமலே கதிரையோடு என்னைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் போகவேண்டிய பக்கம் அது இல்லை.

அந்தத் தெருவில் நாற்சந்தி ஒன்று இருக்கிறது. நான்கு மூலையிலும் கட்டடங்கள் உள்வளைந்து, கீழே தண்ணீர், அதற்கு மேலே அரசர்கள், அதற்கும் மேலே புனிதப் பெண்கள் என்று அடுக்கடுக்காகச் சிலைகள். பதினொரு வருசம் அதைக் கடந்து வேலைக்கு ஓடியிருக்கிறேன். மேலே பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருக்கவேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. கல்லைப் பார்த்தேன், கல்லு தெரிந்தது.

கோயில்களுக்குள் போகப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் படி. காவலுக்கு நிற்பவர்கள் எல்லாரும் ஒன்றுதான் சொல்கிறார்கள். "ஒரு படிதானே." சொல்லிவிட்டு என் காலைப் பார்ப்பார்கள். பிறகு வேறெங்கோ பார்ப்பார்கள்.

இவர் சுகம். முதுகு நோகிறது என்கிறார். இனித் தூக்கத் தேவையில்லை.

உங்கள் தங்கச்சி
துசானி


பலேர்மோ
23.06.2024

அன்பு அண்ணா,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. தபால் எங்காவது கிடக்கும். அண்ணியும் நீங்களும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடலுக்குப் போனேன். இந்த ஊருக்கு வடக்கே மொண்டெல்லோ என்று ஒரு கடற்கரை. கோடையில் ஊரே அங்கேதான் கிடக்கும். இவர் கோடைக்கு அங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் வேலை செய்கிறார். காலையில் போனால் இரவுதான் வருவார். நான் போவதை அவரிடம் சொல்லவில்லை.

முதலாவது பஸ்ஸில் கதிரை ஏறுகிற பலகை இறங்க மாட்டேன் என்றது. சாரதி இறங்கிவந்து, பலகையைப் பார்த்து, என்னைப் பார்த்து, தோளைத் தூக்கிவிட்டுப் போனார். அடுத்த பஸ்காரர் கையாலேயே இழுத்துப் போட்டார். வழியெல்லாம் என்னைச் சகோதரி என்று கூப்பிட்டுக் கதைத்தார்.

கடற்கரையில் எங்களைப் போன்ற ஆட்களுக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. மணலில் பலகை போட்ட பாதை. பெரிய காற்றுச் சில்லு வைத்த ஒரு கதிரை. அதில் இருத்தி அப்படியே கடலுக்குள் தள்ளுவார்கள். வேலை செய்கிற பெண் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "இன்றைக்கு அது தேவையில்லை" என்று தள்ளினாள். வயிற்றுக்கு மேலே தண்ணீர் குளிர்ந்தது. கீழே ஒன்றும் இல்லை. என் கால்கள் தாமாக மிதந்து எனக்கு முன்னால் வந்தன. வேறு யாரோ அருகில் குளிப்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இவருடைய ரெஸ்ரோறன்ர் இருக்கிற தெருவுக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். அவர் வெளியே மேசைகளுக்கு நடுவில் நின்றார். கையில் தட்டுகள். மேசையில் இருந்த ஒரு கிழவர் எதையோ சொன்னார். இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார். இந்த மனுசன் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். என்னைக் கண்டால் அந்தச் சிரிப்பு நிற்கும். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு வந்து கேட்டார்.

"இண்டைக்கு என்ன செய்தனீர்?"

"கடலுக்குப் போனனான்."

"எந்தக் கடலுக்கு?"

"இருக்கிற கடலுக்குத்தான்."

அவர் சேட்டைக் கழற்றிக் கதிரையின் பிடியில் போட்டார். பிறகு அது என் கதிரை என்று நினைவு வந்து எடுத்தார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

துசானி


கனகபுரம்
28.07.2024

அன்பின் துசானி,

பதில் பிந்திவிட்டது. குறை நினைக்காதே. வெயிலால் கொஞ்சம் சோர்வு. கையெழுத்து கோணலாக இருந்தால் பேனையின் குற்றம்.

கடல் கடிதத்தைக் கிருசாந்தினி இரண்டு தடவை வாசித்தாள். நீ அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். கிருசாந்தினி தையல்கடையில் சிரிக்கிறதாக அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சொல்வார்கள். நான் அதைப் பார்த்ததில்லை.

முந்தநாள் குளக்கட்டுக்குப் போனேன். குளம் தளும்பி நின்றது. தாமரை இலை தெரியாத அளவுக்குப் பூ. நல்ல காற்று.

இன்னும் எழுது. எந்தத் தெரு என்றாலும் பரவாயில்லை.

அண்ணா


பலேர்மோ
18.08.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சோர்வு என்று எழுதியிருந்தீர்கள். டொக்டரிடம் காட்டினீர்களா? தண்ணீர் நிறையக் குடியுங்கள். நான் சுகமாக இருக்கிறேன்.

இந்த முறை ஒரு விசயம் கேட்க எழுதுகிறேன்.

இவருக்கு வடக்கே ஒரு பக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. கோடை முடிய இங்கே வேலை இருக்காது என்பது உண்மைதான். போன ஞாயிற்றுக்கிழமை சமைத்துத் தந்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். நிலத்தில் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கதைத்தார்.

"அங்கை அறையிலை நாலு பேர். உம்மைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது."

"தெரியும்."

"இஞ்சை தனிய இருந்து என்ன செய்யப்போறீர்? ஊருக்குப் போய் அண்ணரோடை இரும். அண்ணருக்கு இந்த விசயம் எல்லாம் தெரியும். வீடும் நிலத்திலை. கோயில், குளம் எண்டு அவர் எவ்வளவு நிம்மதியா உலாவுறார். அந்தக் கடிதங்களை நான் வாசிச்சனான். கோவிக்காதையும்."

"கோவிக்கேல்லை."

"வந்து வந்து பாப்பன். நான் உம்மை விட்டிட்டுப் போறன் எண்டு நினைக்கவேண்டாம்."

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொன்னேன். நினைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவர் அழுதார். அவருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

அண்ணா, என் பெர்மெஸ்ஸோ ஐப்பசியில் முடிகிறது. புதுப்பிக்காமல் ஊருக்கு வந்தால் திரும்ப இங்கே வரமுடியாது. இந்த உடம்போடு யாரும் விசா தரமாட்டார்கள். இருப்பதோ வருவதோ, எனக்கு எதிலும் விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை. யாராவது ஒருவர் சொன்னால் அதைச் செய்வேன் போல இருக்கிறது. உங்களைத் தவிர இதைச் சொல்லத் தெரிந்த ஆள் எனக்கு இல்லை. அங்கே கதிரையில் வாழலாமா? உங்களைப் போல நானும் வெளியே போய்வரலாமா? நீங்கள் வா என்றால் வருகிறேன்.

பதிலுக்குக் காத்திருப்பேன்.

துசானி


கனகபுரம், கிளிநொச்சி
29.09.2024

அன்புள்ள மச்சாள் துசானிக்கு,

அண்ணி கிருசாந்தினி எழுதுகிறேன். நீர் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். இதை எழுதுவது உம்முடைய அண்ணாவுக்குத் தெரியாது.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பின்பக்கத்தில் வந்த படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. இது புதுசாக வந்ததில்லை. நீர் விழமுதலே தொடங்கியது. ஆறுவதும் பிறகு வெடிப்பதுமாக இருந்தது. தைமாதம் உமக்கு முதல் கடிதம் எழுதும்போதும் குப்புறப் படுத்துக்கொண்டு, நெஞ்சுக்குக் கீழே தலகாணி வைத்துத்தான் எழுதினார்.

ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் படலைக்கு வெளியே போய் மூன்று வருசமாகிறது. வாசலில் வாய்க்காலுக்கு மேல் இருந்த மதகு வெள்ளத்தில் அள்ளுப்பட்டுப் போனது. பிறகு நாங்கள் பலகை போட்டோம். அதில் சைக்கிள் போகும், கதிரை போகாது. அருளம்பலம் அண்ணை கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். குளம் தளும்பி நிற்கிறது என்று ஆடி மாதத்தில் எழுதியிருந்தார். ஆடியில் எங்கள் குளத்தில் மாடு மேயும். அதுகூட அவருக்கு மறந்துபோய்விட்டது. தபாலில் போடும்போது நான் வாசித்தேன். "ஏன் இப்பிடி எழுதுறியள்?" என்று கேட்டேன்.

"அவள் அங்கை வெளியிலை போகத் தொடங்கியிருக்கிறாள். நான் கிடக்கிறன் எண்டு தெரிஞ்சா அவளும் கிடப்பாள்" என்றார்.

நான் கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டேன்.

உம்முடைய ஆவணிக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "பதில் எழுதப் பேப்பர் தரட்டோ?" என்றேன். "பிறகு" என்றார். அடுத்த நாளும் "பிறகு" என்றார். அதற்குமேல் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் உம்மையும் பார்ப்பேன். ஆனால் எனக்கு இருப்பது இரண்டு கைதான் மச்சாள். இங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடும். அவ்வளவுதான் நான் கேட்பது.

நான் எழுதியதை அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

உம்முடைய அண்ணி
கிருசாந்தினி


பலேர்மோ
27.10.2024

அன்பு அண்ணா,

உங்கள் பதில் கிடைக்கவில்லை. தபால் தாமதம்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும். அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் வரவில்லை. இங்கேயே இருக்கப்போகிறேன். உங்களைக் கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்கு முன்னமே முடிவெடுத்தது பிழைதான். கோவிக்காதீர்கள். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது, வேறு காரணம் இல்லை.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குத் தனியாகவே போனேன். வாசலில் வரிசை. ஒரு பொலிஸ்காரன் வந்து என்னை முன்னுக்கு விடச்சொன்னான். யாரும் முறுமுறுக்கவில்லை. உள்ளே இருந்தவர் விரல் அடையாளம் எடுக்கும்போது, "உன்னோடு வந்தவர் எங்கே?" என்று கேட்டார். வந்தவர் நான்தான் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார்.

விபத்துக்கான உதவிப்பணம் வருகிறது. காலையில் உதவிக்கு ஒரு அம்மா வருவாள். மற்ற நேரங்களில் மாதா கோயில் மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு இத்தாலியனில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கேயும் வாசலில் ஒரு படி இருந்தது. ஏர்னஸ்ற் அண்ணை "ஒரு படிதானே, நாங்கள் தூக்கிவிடுவம்" என்றார். "அப்ப நான் வரேல்லை" என்றேன். அடுத்த கிழமை சீமெந்து போட்டுச் சரிவாக்கியிருந்தார்கள். எனக்குச் சண்டைபிடிக்க விருப்பமிருக்கவில்லை. வரவில்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

இவர் போன கிழமை போய்விட்டார். ஸ்ரேசனுக்கு நானும் போனேன். வேண்டாம் என்றார். அங்கே படி இல்லை, வருவேன் என்றேன். ரயில் வர நேரமிருந்தது. என் கதிரைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து அதன்மேல் இருந்தார். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருந்தோம்.

"மொண்டெல்லோவிலை நீர் வந்து நிண்டதை நான் கண்டனான்" என்றார்.

"எப்ப?"

"அண்டைக்கு. நீர் திரும்பிப் போனதையும் கண்டனான். பின்னாலை ஓடி வந்திருக்கலாம். கையிலை தட்டு இருந்தது."

தட்டை வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று அவருக்கும் தெரியும். ரயில் வந்தது. ஏறி யன்னலில் நின்று கையைக் காட்டினார். நானும் காட்டினேன். ரயில் போனபிறகும் கொஞ்சநேரம் அங்கேயே இருந்தேன். ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வைத்துச் சாப்பிட்டேன்.

உடம்பைப் பாருங்கள் அண்ணா.

துசானி


ஆஸ்பத்திரி, யாழ்ப்பாணம்
24.10.2024

துசானி,

வராதே.

இதை எழுதப் பிந்தியதற்கு என்னைத் திட்டு. ஒவ்வொரு நாளும் எழுதவேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் விட்டேன். நீ ரிக்கற் எடுத்துவிட்டாயோ என்ற பயத்தில் இப்போது எழுதுகிறேன்.

குளக்கட்டு எல்லாம் பொய். ஒரு காலத்தில் போனேன். அந்தக் காலத்தை எடுத்து உனக்கு எழுதினேன். வாசலில் மதகு இல்லை, நான் படலை தாண்டி வருசக்கணக்கு. இப்போது ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடக்கிறேன். படுக்கைப் புண்ணை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள், ஆறுமாம். எப்போது என்று சொல்லவில்லை.

உன்னை வெளியே போகச்செய்யத்தான் அப்படி எழுதினேன் என்று கிருசாந்தினியிடம் சொன்னேன். அது பாதிதான். உன் கடிதங்களுக்குப் பதில் எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உனக்குச் சந்தையும் கடலும் இருந்தது. எனக்கு என்ன இருந்தது எழுத?

அங்கேயே இரு. அந்த ஊரில் பஸ்காரன் பலகையைக் கையால் இழுத்துப் போடுகிறான். அது போதும்.

அண்ணா


பலேர்மோ
24.11.2024

அன்பு அண்ணா,

உங்கள் கடிதமும் என்னுடையதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையது கிடைத்திருக்கும். நான் வரவில்லை என்று தெரிந்திருக்கும். காய்ச்சல் இருக்கிறதா? புண் எப்படி? இந்த முறை உண்மையை எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை ஒழுங்கையில் வைத்து வாசித்தேன். எனக்குக் கோபம் வந்தது. விழுந்த பிறகு எனக்கு வந்த முதல் கோபம். தாமரையாம், நாரையாம். கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அது தள்ளிப்போய் விழுந்தது. எதிர்வீட்டு மனுசி எடுத்துத் தர வந்தாள். தொடவேண்டாம் என்று சத்தம் போட்டேன். பிறகு நானே உருட்டிக்கொண்டு போய்க் குனிந்து எடுத்தேன். முகம் சுட்டது. அண்ணா, எனக்கு அது நன்றாக இருந்தது. வெளியே குளிராக இருக்கிறது என்றுகூட அப்போதுதான் தெரிந்தது.

கோபத்தோடு தெருவழியே போனேன். ஒரு இடமும் நிற்கவில்லை. கடலடி மட்டும் போய்விட்டேன். அங்கே பாதை முடிந்தது. இருந்து அழுதேன். நீங்கள் குப்புறக் கிடந்து எழுதியதை நினைத்துத்தான் அழுதேன். என்னை நினைத்து இல்லை. அதுவும் வரும் போல இருக்கிறது.

இனிக் குளத்தைப் பற்றி எழுதினால் நான் வாசிக்கமாட்டேன். அந்தக் கட்டிலில் இருந்து என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுதக்கூடாது.

கோபம் இன்னும் முழுதாகப் போகாத
துசானி


ஆஸ்பத்திரி, யாழ்ப்பாணம்
22.12.2024

அன்புத் தங்கச்சி,

காய்ச்சல் விட்டுவிட்டது. புண் அடியில் இருந்து சிவந்து மூடுகிறதாம். தைப்பொங்கலுக்கு முதல் விடமாட்டார்கள். இது உண்மை. தாதியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என்ன தெரிகிறது என்று கேட்டாய். கட்டில் விளிம்பால் தலையை நீட்டினால் தரை தெரியும். வெள்ளைச் சீமெந்து, ஒரு மூலையில் வெடிப்பு. பின்னேரம் வெயில் கதவடியால் வந்து அந்த வெடிப்பு மட்டும் நீளும், பிறகு திரும்பிப் போகும். ஒரு பூனை வரும். பக்கத்துக் கட்டில் பவுல் மீன் முள்ளுப் போடுவார், தாதி ஏசுவாள். ஆட்களை எனக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். பெரிய டொக்டர் நல்ல சப்பாத்துப் போட்டிருக்கிறார், ஆனால் லேஸ் வேறு நிறம். சின்ன டொக்டர் ஒரு காலில் நின்றுகொண்டுதான் கதைப்பாள்.

கிருசாந்தினி வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவாள். அவளுடைய குதிக்கால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இரத்தம் காய்ந்த கோடுகள். இவ்வளவு வருசமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது.

"கால் நோகேல்லையோ உமக்கு?" என்று கேட்டேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு நான் பார்க்கக்கூடியதாகத் தரையிலேயே இருந்து காலை நீட்டினாள். "நோகும்" என்றாள்.

தாதியிடம் கொஞ்சம் வசிலின் வாங்கித் தரச்சொன்னேன். குப்புறக் கிடந்தபடி கை எட்டியவரைக்கும் பூசிவிட்டேன். சரியாகப் பூசவில்லை என்று சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

உன்னுடைய சுகத்தை எழுது. அங்கே குளிர் என்றால் போர்த்துக்கொண்டு போ.

அண்ணா